ஈரத்தலையோடு ஓடக்கூடாது

நான் பார்த்துவந்த கிழவி பங்குனியில் இறந்துபோனார். நல்ல மனுசி. கடைசி ஒரு வருடம் என்னைத் தன்னுடைய தம்பி என்று நினைத்து, எப்போதோ உடைத்த கண்ணாடிக்காகத் திட்டிக்கொண்டே இருந்தார். அவரோடு என் வேலையும் போனது. வேலை இல்லாவிட்டால் பெர்மெஸ்ஸோவும் இல்லை. அந்த வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க, ஒரு முதலாளி கையெழுத்திட்ட ஒப்பந்தக் கடிதத்தைக் கொண்டுபோய் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தில் காட்ட வேண்டும். என்னுடையது ஆனி முடிய முடிகிறது. வைகாசிக் கடைசியில்கூட என்னிடம் கடிதம் இல்லை.

பலெர்மோவுக்குப் பக்கத்தில், ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒருவர் கரையில் குளிப்பிடமும் மீன் சாப்பாட்டுக் கடையும் வைத்திருந்தார். கோடைக்குக் குடை விரிக்கவும் குளிக்கிறவர்களைக் கவனிக்கவும் அவருக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். அவர் பேசியது இத்தாலியன்தான். என் ஞாபகத்தில் எல்லோரும் எங்கள் ஊர்த் தமிழில்தான் பேசுகிறார்கள்.

“உங்கட ஆக்கள் நல்லாச் சமைப்பினம். சட்டை நல்லா மினுக்குவினம். நீந்துவினமோ?”

“நீந்துவன்.”

“எவ்வளவு தூரம்?”

உண்மையைச் சொன்னேன். மன்னாரிலிருந்து ஏற்றிப்போன படகுக்காரன் நடுக்கடலில் ஒரு மணல்திட்டில் எங்களை இறக்கி, இதுதான் இந்தியா என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். அடுத்த திட்டுக்கு நான் நீந்தித்தான் போனேன். முதலாளி மூக்கைச் சொறிந்தார்.

“வாற ஞாயிறு இஞ்சை ட்ரையத்லன் நடக்குது. ஒன்றரைக் கிலோமீற்றர் கடல், நாற்பது சைக்கிள், பத்து ஓட்டம். முடிச்சுக் காட்டு. நான் என்ரை கண்ணாலை பாத்தால் அண்டைக்கே கையெழுத்து.”

போட்டிக்குப் பெயர் பதிய வைத்தியர் கடிதம் வேண்டும் என்றார்கள். முதலாளியின் மைத்துனர் வைத்தியர். என்னை இரண்டுதரம் இருமச் சொன்னார். பிறகு தன் தாயாரைப் பார்க்க எங்கள் ஆட்களில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பலெர்மோவில், கால்சாப் பகுதியில் நாங்கள் நான்கு பேர் ஓர் அறையில் இருந்தோம். அடுத்த அறையில் அக்கா இருந்தார். எனக்கு உறவில்லை, மன்னார்க்காரி என்பது போதும். பத்து வருடம் ஒரே எசமானியம்மா, ஒரு சிஞ்ஞோராவின் வீட்டில் வேலை பார்த்தவர். நாங்கள் எப்போது சாப்பிட வேண்டும், எப்போது பூசைக்குப் போக வேண்டும், யாரோடு சேரக்கூடாது என்பதெல்லாம் அவர் கையில்.

“என்னத்துக்கடா மூண்டையும் ஒண்டாச் செய்யினம்?” என்று கேட்டார். “சைக்கிள் இருக்கிறவன் ஏன் ஓடுறான்?”

எனக்கும் விளங்கவில்லை என்றேன்.

“முடிச்சால் கடிதம் தருவானோ?”

“தருவன் எண்டவர்.”

“அப்ப நானும் வாறன். கடிதத்தை நான் வச்சிருக்கிறன். நீ எங்கையாவது விட்டிட்டு வந்திடுவாய்.” முதலாளி கையெழுத்திட வேண்டிய தாளை அன்றைக்கே வாங்கி, செபமாலையோடு கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குத் தொடங்கும் என்று சுவரொட்டியில் போட்டிருந்தது. ஒன்பதுக்கு நடுவர்கள் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். காவல் படகுக்காரன் வரவில்லை. அவனைத் தேடிப் போனவனும் வரவில்லை. சுற்றிவர எல்லோரும் மெலிந்த சைக்கிள்களோடு நின்றார்கள். என்னுடையதில் மட்காட், மணி, பின்னால் கரியர் எல்லாம் இருந்தன. தலைக்கவசம் கட்டாயம் என்றதால் முதலாளி தன் ஸ்கூட்டருடையதைத் தந்திருந்தார். நடுவர் அதைக் கையில் தூக்கிப் பார்த்தார். பிறகு என் மணியை ஒருதரம் அடித்துப் பார்த்தார். சட்டப் புத்தகத்தில் மணியைப்பற்றி ஒன்றும் இல்லையாம்.

எனக்குப் பக்கத்து இடம் ஒரு யப்பான்காரனுக்கு. அவன் ஒருவன் வந்ததை நம்பித்தான் சுவரொட்டியில் ‘சர்வதேச’ என்று பெரிய எழுத்தில் அடித்திருந்தார்கள். சைக்கிளுக்குக் கீழே ஒரு சின்னத் துணியை விரித்து, சப்பாத்து இரண்டையும் வாசலில் வைப்பதுபோல ஒன்றாக வைத்தான். கடிகாரத்தைப் பார்த்தான், காதில் வைத்துக் கேட்டான், குலுக்கினான். ஒரு நடுவர் என்னிடம் வந்து, “உங்கட ஆளிட்டைச் சொல்லு, இன்னும் கொஞ்ச நேரம்” என்றார். நான் யப்பான்காரனிடம் தமிழில், “இன்னும் கொஞ்ச நேரமாம்” என்றேன். அவன் குனிந்து வணங்கினான். நடுவருக்குத் திருப்தி.

பத்தேகாலுக்குக் கடலில் இறங்கினோம். யப்பான்காரன் கடலைப் பார்த்து ஒருதரம் குனிந்தான். நான் ஊரில் செய்வதுபோலத் தண்ணீரைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டேன். ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டோம். ஊதுகுழல் ஒலித்தது.

கடலைப்பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. குளிர்; ஆனால் சுறா இல்லை, நேவி இல்லை. நான் பன்னிரண்டாவதாக வெளியே வந்தேன். கரையில் முதலாளி கையைத் தட்டுவது கேட்டது. எனக்கு ஒரு கை முன்னால் யப்பான்காரன். இருவரும் சைக்கிளுக்கு ஓடினோம். காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது.

அங்கே கயிற்றுக்கு இந்தப் பக்கம், யாரும் வரக்கூடாத இடத்தில், அக்கா துவாயோடு நின்றார்.

“நில்லடா!”

“அக்கா, விடுங்கோ, போட்டி நடக்குது.”

“போட்டி எங்கை ஓடப்போகுது? தலை ஈரம். இந்தக் காத்துக்கு இப்பிடியே போனால் நெஞ்சிலை சளி கட்டும். அதுக்கு மேலை இந்தச் சட்டியையும் கவிக்கப்போறியோ? குனி.”

குனிந்தேன். நான் குனியாமல் இருந்திருக்கலாம் என்று வாசிக்கிறவர்கள் நினைக்கலாம். நினைப்பவர்களுக்கு அக்காவைத் தெரியாது. தேங்காய் துருவுகிற வேகத்தில் என் தலையைத் துவட்டினார். உச்சியில் ஒரு தட்டுத் தட்டி, தண்ணீர் போய்விட்டதா என்று பார்த்தார். பிறகு திரும்பி, சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்த யப்பான்காரனைப் பார்த்தார்.

“ஐயோ பாவம். இவன்ரை தாய் எங்கை இருக்கிறாளோ.”

அவன் தலையையும் துவட்டினார். அவன் எழும்பி நின்று, துவாய்க்குள் இருந்தபடியே குனிந்து வணங்கினான். அது அவருக்குத் துவட்ட இன்னும் வசதியாகிவிட்டது.

எங்களுக்குப் பின்னால் வந்த மிலானோக்காரன் ஒருவன் கத்தத் தொடங்கினான். வெளியாளின் உதவி! சட்டத்தில் இருக்கிறது! இருவரையும் நீக்க வேண்டும்! நடுவர் ஓடிவந்தார். கடிதம் அக்காவின் கைப்பையில் கையெழுத்தில்லாத தாளாகவே இருந்துவிடப் போகிறது.

“சிஞ்ஞோரா, உதவி செய்யக்கூடாது. சட்டம்” என்றார் நடுவர்.

அக்கா இடுப்பில் கைவைத்தார். அவருடைய இத்தாலியன் சிசிலிக்காரரைவிடச் சிசிலியாக இருக்கும். “உங்கட அம்மா உங்களை ஈரத்தலையோடை இந்தக் காத்திலை விடுவாவோ?”

அந்த வெயிலிலும் நடுவருடைய சட்டைக்குள்ளே கம்பளிப் பனியன் தெரிந்தது. யார் போட்டு அனுப்பியது என்று கேட்கத் தேவையில்லை. சளி, காற்று, ஈரத்தலை இவற்றில் எங்களுக்கும் சிசிலிக்காரருக்கும் ஒரே மதம். கூட நின்ற நாலைந்து பேர், “அந்த மனுசி சொல்லுறது சரி” என்றார்கள். முதலாளி வந்து சுவரொட்டியைக் காட்டி, யப்பான்காரனை நீக்கினால் ‘சர்வதேச’ என்ற சொல்லை எங்கே கொண்டுபோய் ஒட்டுவது என்று கேட்டார். ஒரே துவாய், இரண்டு தலை. ஒருவனை விட்டு மற்றவனை நீக்கவும் வழியில்லை.

கடைசியில் நடுவர், இருவரும் அசையாமல் இரண்டு நிமிடம் நிற்க வேண்டும் என்று தண்டனை விதித்தார்.

“நல்லதாப் போச்சு” என்று அக்கா பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து எங்களுக்கு சுக்கு மணக்கும் வேர்க்கொம்புக் கோப்பி ஊற்றினார். நடுவர் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அவருக்கும் ஒரு கோப்பை போனது.

சைக்கிளைப்பற்றியும் சொல்ல அதிகம் இல்லை. எல்லோரும் என்னைக் கடந்து போனார்கள். சிலர் இரண்டுதரம் கடந்தார்கள். மிலானோக்காரன் போகும்போது ஏதோ சொன்னான், நான் மணியடித்தேன். ஓட்டம் தொடங்கியபோது எனக்குப் பின்னால் இருந்தது காவல்துறை மோட்டார் சைக்கிள் மட்டும். அதில் இருந்தவன் அடிக்கடி நேரம் பார்த்தான். “ஒரு மணியாகுது, கொஞ்சம் கெதியா” என்றான். பிறகு மன்னிப்புக் கேட்டுவிட்டு அவனும் வீட்டுக்குச் சாப்பிடப் போனான்.

நான் கரைக்குத் திரும்பியபோது முடிவுக்கோடு இல்லை. அதன் மேலிருந்த வளைவைக் கழற்றி மடித்து வைத்திருந்தார்கள். நடுவர்கள் இல்லை. ஞாயிறு மதியம் ஒருமணிக்குப் பின் பலெர்மோவில் எதுவும் முடியாது. எல்லாம் அந்தந்த இடத்தில் நிற்கும். நான் எங்கே போய் முடிப்பது? யார் பார்ப்பது? முதலாளி தன் கடை வாசலில், எனக்கு முதுகைக் காட்டியபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா இருந்தார். யப்பான்காரனும் இருந்தான். அவன் ஏழாவதாக வந்து, குளித்து, தலை துவட்டி, எனக்காகக் காத்திருந்திருக்கிறான். அக்கா அவனிடம் துவாயின் ஒரு தலைப்பைக் கொடுத்து, “இதைப் பிடி மோனை” என்றார். அவன் இரண்டு கையாலும் பிடித்தான். மற்றத் தலைப்பை அவர் பிடித்துக்கொண்டு, முதலாளியின் மேசைக்கு நேரே இழுத்து நின்று போட்டார் ஒரு சத்தம்:

“முதலாளி! இஞ்சை பாருங்கோ!”

முதலாளி கழுத்தில் துணியும் முள்ளுக்கரண்டியில் சுற்றிய, மட்டி போட்ட ஸ்பகெத்தியுமாகத் திரும்பினார். நான் ஈரத் துவாயில் நெஞ்சால் மோதினேன். அது என் முகத்தில் சுற்றிக்கொண்டது. அப்படியே மேசையில் போய் விழுந்தேன்.

“பாத்தன்” என்றார் வாயில் மட்டியோடு. “பாத்தன். சாப்பிட விடுங்கோ.”

அக்கா விடவில்லை. செபமாலையை விலக்கித் தாளை எடுத்து, தட்டைக் கொஞ்சம் தள்ளி விரித்தார். முதலாளி விரலைத் துடைக்காமலே கையெழுத்துப் போட்டார். எங்கள் மூவருக்கும் தட்டு வந்தது. யப்பான்காரன் மட்டி ஓடுகளை வரிசையாக அடுக்கி வைத்தான்.

செவ்வாய்க்கிழமை குவெஸ்தூராவில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கடிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். கையெழுத்துக்குப் பக்கத்தில் பெரிய எண்ணெய்க் கறை. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

“மட்டியா?”

“ஓம், சிஞ்ஞோரே.”

“எந்தக் கடை?”

சொன்னேன். ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகுதான் முத்திரையைத் தேடி எடுத்தார்.