செத்தவர்கள் கிடந்த தொண்டுக் கும்பாரம்

மாடியில் குடியிருக்கும் நர்சிங் மாணவிகள் பல முகப் பகடை உருட்டி ஒரு கதை விளையாட்டு ஆடுகிறார்கள். ஒருத்தியின் அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்தது. நான் காயப்போட்ட துணி எடுக்கப் போனபோது, கதை நடத்துகிறவள், "பெட்டியத் தொறந்தியா? பெட்டிதான் பூதம். உன் கையக் கடிச்சுத் தின்னுட்டு, நீ செத்தாச்சு" என்றாள். "ஏட்டி, இது அநியாயம்லா!" என்று மற்றவள் கத்த, எனக்கு அழுகிய தேங்காய்த் தொண்டின் நாற்றம் மூக்கில் ஏறியது.

இன்று வீடுகள் நிற்கிற காயல்கரையில் என் சின்ன வயதில் தொண்டு மலையாகக் கிடக்கும், பெண்கள் அதைக் கட்டையால் அடித்துத் தல்லி நாராக்குகிற சத்தம் நாள் முழுக்கக் கேட்கும், அந்தச் சத்தத்தின் நடுவே என் பெரியம்மை மகள் ஸ்டெல்லா புளியங்கொட்டையை உருட்டவைத்து எங்களைக் கதைக் குகைக்குள் அனுப்புவாள். இடப்பக்கம் போனால் கழுத்தில் வாள், வலப்பக்கம் போனால் கொதிக்கிற எண்ணெய், போகாமல் நின்றால் கூரை விழும். செத்தவர்கள் அந்தத் தொண்டுக் கும்பாரத்தில் புழுவோடு அசையாமல் கிடக்க வேண்டும். ஒரு நாளாவது உயிரோடு வெளியே வந்துவிட வேண்டுமென்று எனக்கு ஆசை, சொல்லத்தான் வாய் வராது.

ஒரு நாள் கடைசி வாசல் வரை வந்துவிட்டேன். "வாசப்படிதான் பாம்பு. கொத்திட்டு. போய்க் கிட" என்றாள் ஸ்டெல்லா.

"கிடக்க மாட்டேன்" என்றேன்.

தொண்டு தல்லும் கட்டையால் தோளில் அடித்தாள். அடுத்தது உதட்டில் விழுந்தது, ரத்தம் உப்புக் கரித்தது, நான் நின்றேன்.

"செத்தவ எப்படிட்டி நிப்ப?"

மூன்றாவது அடிக்கு அவள் ஓங்கியபோது, கும்பாரத்தில் செத்துக் கிடந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள்.