இன்னொரு கை

யாங்கோனில் ரத்தம் எடுக்கும் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். லைசென்ஸ் தேர்வுக்கு உட்கார வேண்டுமானால் நோயாளிகளிடம் ரத்தம் எடுத்துப் பழகியிருக்க வேண்டும். ஆனால் ஊசி குத்தும் முன், "நான் பயிற்சியில் இருப்பவன், இன்னும் லைசென்ஸ் வாங்கவில்லை" என்று சொல்லியாக வேண்டும். சொன்னதும் எல்லோரும் கையை இழுத்துக்கொள்வார்கள். தேர்வு எழுதவே முடியாதோ என்று பயந்துபோயிருந்தேன்.

அன்று நகரின் லைங் தாயா பகுதியிலுள்ள தையல் ஃபேக்டரியிலிருந்து ஓர் அக்கா வந்தார். நான் பர்மிய மொழியில் சொல்லி முடித்ததும், சட்டையில் குத்தியிருந்த என் பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார்.

"எங்கம்மாவும் தமிழ்தான். குத்து தம்பி. புதுசுல நான் எத்தன சட்டையக் கெடுத்தேன் தெரியுமா!"

குத்தினேன். நரம்பு நழுவிவிட்டது, ரத்தம் வரவில்லை. எங்களை மேற்பார்க்கும் நர்ஸ், நாங்கள் சயாமா (பர்மிய மொழியில் டீச்சர்) என்று கூப்பிடுபவர், "நகரு, நான் எடுக்கிறேன்" என்று எழுந்து வந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இருங்க சயாமா" என்று தடுத்த அக்கா, இன்னொரு கையின் சட்டையைத் தானே மடித்துவிட்டு மேசைமேல் நீட்டினார்.

"இதுல எடு தம்பி. மெதுவா எடு. இன்னிக்கு எனக்கு லீவுதான்."

இந்த முறை குழாயில் ரத்தம் ஏறியது. பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, "வலிச்சுதாக்கா?" என்றேன்.

"வலிக்காம? ரெண்டு கையும் வலிக்குது. ஆனா சொல்லிட்டுத்தானே குத்தின" என்று சிரித்தார்.

லைசென்ஸ் வாங்கி இப்போது வேலையில் இருக்கிறேன். புதிதாகப் பழக வருகிறவர்களுக்கு யாரும் கை நீட்டாத நாளில், நோயாளி உட்காரும் நாற்காலியில் நானே போய் உட்கார்ந்துகொள்கிறேன்.