மெயின் ஸ்விட்ச் என் பொறுப்பு

பனச்சமூட்டில் எங்கள் வீடு கேரளத்தில் இருந்தது. அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, சாலைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் டீக்கடை வைத்திருந்தார். நடுவே ஒரு பஸ் போகும் அகலம்தான். அம்மா மீன் வாங்கினால் என்ன மீன் என்று மாமா கடையில் இருந்தபடியே சொல்லிவிடுவார். ஆனால் கரண்ட் விஷயத்தில் மட்டும் நாங்கள் வேறு வேறு நாட்டுக்காரர்கள். தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் சாயங்காலம் அரை மணி நேரம் பவர்கட். அந்தப் பக்கம் போவது காலையில், மாமா வடைக்கு மாவரைக்க உட்காரும் நேரம் பார்த்து.

இதற்கு அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். மாமாவின் கடையிலிருந்து ஒரு நீள வயர் சாலையைத் தாண்டி, பக்கத்து வீட்டுப் பலாமரக் கிளை வழியாக எங்கள் வீட்டுக்கு வந்தது. சாயங்காலம் மாமா எங்களுக்குக் கரண்ட் தருவார், காலையில் நாங்கள் மாமாவுக்குத் தருவோம். காசு பேச்சே கிடையாது. பலாமரத்துக்காரிக்கு மட்டும் இட்லி மாவு எங்கள் கிரைண்டரில் அரைத்துக் கொடுப்போம். மரம் அவளுடையதல்லவா.

இதில் ஆளுக்கொரு வேலை இருந்தது. சாயங்காலம் கரண்ட் போனதும் நான் உள்ளறைக்கு ஓடி மெயின் ஸ்விட்சைக் கீழே இழுப்பேன். அதன் பிறகுதான் அப்பா வயரைச் செருகுவார். அம்மா வாசலில் நின்று குரல் கொடுப்பாள், மாமா அந்தப் பக்கம் ஸ்விட்சைப் போடுவார். மெயினை இழுக்காமல் விட்டால் மாமாவின் கரண்ட் எங்கள் வீட்டோடு நிற்காது, தெருவில் நிற்கும் கரண்ட் போஸ்ட் வழியாக ஊருக்கே போய்விடும். பேருந்தை விட்டாலும் விடுவேன், மெயினை நான் விட்டதில்லை.

அப்போது நான் பாறசாலையில் ஒரு டுட்டோரியலில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் மட்டும் தட்டிக்கொண்டே போனது. நெய்யாற்றின்கரைப் பக்கம் கேட்டால் எங்களைப் பாண்டிக்காரர்கள் என்றார்கள், மார்த்தாண்டம் பக்கம் கேட்டால் மலையாளத்துக்காரர்கள் என்றார்கள். இந்த லட்சணத்தில்தான் புரோக்கர் ஒரு வரன் கொண்டுவந்தார். மாப்பிள்ளை ஊர் நெய்யாற்றின்கரை. திருவனந்தபுரத்தில், எந்த ஊருக்கு எப்போது எவ்வளவு கரண்ட் என்று பங்கு வைக்கும் ஆபீஸில் வேலை. போட்டோவில் காது இரண்டும் விரிந்து தெரிந்தன. எனக்குப் பிடித்துவிட்டது. இது மட்டும் தட்டிப்போகக் கூடாது என்று செங்கல் ஊர் சிவபார்வதி கோயிலுக்கு நேர்ந்துகொண்டேன்.

கரண்ட் ஆபீஸ்காரர் வருகிறாரே, வயரைக் கழற்றி வைப்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு அது துணி காயப்போடும் கொடி மாதிரி ஆகிப்போயிருந்தது. பார்த்தால்தானே தோன்றும்!

அவர்கள் வந்து சேரவே இருட்டிவிட்டது. மாப்பிள்ளை, அவருடைய அம்மா, புரோக்கர் மூன்று பேரும் உட்கார்ந்து ஏத்தங்காய் சிப்ஸில் கைவைக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. அப்பா ஒரு பெருமையோடு எழுந்தார். இப்போ வந்துவிடும் என்றார். நான் பட்டுப்புடவையில் உள்ளறையில் இருந்தேன். கூப்பிடாமல் வெளியே தலை காட்டக் கூடாது, ஆடாமல் அசையாமல் உட்கார வேண்டும் என்று அம்மாவின் கட்டளை. அன்றைக்கு நான் பெண்ணல்லவா, வேலைக்காரியா? நானும் பூ கசங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்பா வயரைச் செருகினார். அம்மா குரல் கொடுத்தாள். மாமா ஸ்விட்சைப் போட்டார்.

எங்கள் வீட்டு பல்பு பழுத்த பாக்கு நிறத்தில் எரிந்தது. அடுத்த வீட்டிலும் அதே நிறம். அதற்கடுத்த வீட்டிலும். தெருவே மங்கலாகச் சிவந்து நின்றது. இருட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் கரண்ட் வந்தது என்று கூச்சலிட்டார்கள். ஒரு டீக்கடை எங்கள் தெருவுக்கே வெளிச்சம் கொடுத்துக்கொண்டிருந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கட்டளையை மறந்து சுவரைப் பார்த்துப் பாய்ந்தேன். அதே நேரம் கூடத்திலிருந்து ஒருவர் ஓடி வந்தார். மெயின் ஸ்விட்சின் பிடியில் இரண்டு கைகள். என்னைப் பெண் பார்த்தது அப்படித்தான். இருவரும் சேர்ந்து இழுத்தோம். அதற்குள் மாமா கடையில் ஃபியூஸ் போகும் சத்தம் இங்கே வரை கேட்டது. எல்லாம் இருண்டது.

"போஸ்ட்ல ஒருத்தன் ஏறி நின்னிருந்தா இந்நேரம் செத்திருப்பான்," என்றார். பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தெனமும் நானாக்கும் இத இழுக்கது. இண்ணைக்கு என்னய இஞ்ச உக்கார வச்சிட்டாவ," என்றேன். நானும் கையை எடுக்கவில்லை.

அம்மா விளக்கோடு வந்தாள். மாப்பிள்ளை கூடத்துக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் அம்மா, இது திருட்டுக் கரண்ட் வீடு, எழுந்திரு மோனே என்று மலையாளத்தில் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். என் கல்யாணம் ஃபியூஸோடு சேர்ந்து போயிற்று என்று நினைத்தேன்.

அவர் எழவில்லை. வயர் எங்கிருந்து வருகிறது, யார் யாருக்கு எப்போது தருவது என்று அப்பாவைக் கேட்டார். அப்பா காலை மாவு, சாயங்கால விளக்கு, பலாமரம், இட்லி மாவு எல்லாவற்றையும் குற்றப்பத்திரிகை படிப்பதுபோல ஒப்பித்தார். கேட்கக் கேட்க அவர் காதுகள் சிவந்தன. கோபம் என்று நினைத்தேன், சிரிப்பை அடக்கியிருக்கிறார். இப்போது வாங்கிக்கொண்டு அப்புறம் திருப்பித் தருவதற்கு அவர்கள் ஆபீஸில் பேங்கிங் என்று பெயராம். அடுத்தவர் கம்பி வழியாகக் கொண்டுவந்தால் அது வீலிங், கம்பிக்காரருக்குக் கூலி உண்டு. பலாமரத்துக்காரியின் இட்லி மாவு வீலிங் கூலி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு மாநிலம் பேசி முடிக்க எத்தனை கூட்டம் போடுகிறார்கள், நீங்கள் வாசலில் நின்று குரல் கொடுத்து முடித்துவிட்டீர்களே என்றார். பிறகு சிரிப்பு போய்விட்டது. வயரை இன்றைக்கே கழற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்தார். சம்பந்தம் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அப்பாவும் மாமாவும் அன்றிரவே வயரைச் சுருட்டினார்கள். சில நாள் கழித்துப் புரோக்கர் வந்தார். மாப்பிள்ளை சம்மதம் என்றார். எங்களால் நம்ப முடியவில்லை. காரணம் கேட்டதற்கு, மெயின் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று தெரிந்த பெண் போதும் என்றாராம். மாமியார் மட்டும் கல்யாணம் வரைக்கும் சமாதானமாகவில்லை.

கல்யாணமாகி நெய்யாற்றின்கரைக்குப் போன புதிதில், ஒரு சாயங்காலம் அங்கும் பவர்கட். அரை மணி கழித்துத் தெரு முழுக்க விளக்கு வந்தது, எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. மாமியார் விசிறிக்கொண்டே மகனின் ஆபீஸைத் திட்டினார். என் கணவர் ஃபியூஸைப் பார்த்தார், போஸ்டைப் பார்த்தார், ஆபீஸுக்கே போன் போட்டு ஒருவர் மேல் எரிந்து விழுந்தார். கடைசியில் டார்ச்சோடு உள்ளே வந்தவர் அப்படியே நின்றார். மெயின் கீழே இழுபட்டிருந்தது. கரண்ட் போனதும் என் கை தானாகப் போய் இழுத்திருக்கிறது.

"யாருக்காக்கும் இத இழுத்த?" என்று கேட்டார். "இஞ்ச வயரும் கெடையாது, மாமனும் கெடையாது."

எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்துவிட்டது. சாலைக்கு அந்தப் பக்கம் குரல் கொடுக்க ஆளில்லாத வீட்டுக்கு வந்துவிட்டேன் என்பது அந்த நிமிடம்தான் எனக்குப் புரிந்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"போஸ்ட்ல நிக்கவனுக்கு."

அவர் டார்ச்சை அணைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். கூடத்தில் மாமியார் இன்னும் ஆபீஸைத் திட்டிக்கொண்டிருந்தார். மெயினை மேலே போட இரண்டு பேருமே எழவில்லை.