லால்குடிக்கு வந்த பாலைவன மண்

காலை ஆறரை மணி. திருச்சி ஜங்ஷனில் லால்குடி பாசஞ்சர் புறப்படத் தயாராக நின்றது. மூன்றாம் வகுப்பு டிக்கெட் தலைக்கு ஆறணா. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்காரர். முதல் வகுப்பில் ஏறச் சொன்னேன், மாட்டேன் என்றுவிட்டார். மடியில் ஒரு பழைய தகர டப்பா. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பிஸ்கட்டாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கண்ணுகளா, இது நீங்கள் பிறப்பதற்கு முன்னால், ஐம்பத்தாறாம் வருஷம் ஆடி மாதம் நடந்தது. வையம்பட்டியை விட்டு வந்து, ஜங்ஷன் பக்கத்தில் ஒரு லாட்ஜில் வேலை பார்த்தேன். எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. யுத்த காலத்தில் ராணுவக் கிடங்கில் வேலை செய்ததில் கொஞ்சம் இங்கிலீஷ் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். அதை நம்பித்தான் லாட்ஜ் முதலாளி, "துரைக்கு லால்குடியில ஒரு வீட்டுக்குப் போகணுமாம். கூடப் போயிட்டு வாப்பா" என்று என்னை அனுப்பினார்.

துரை ஜெர்மனிக்காரர். அதிலும் பிரஷியா என்ற சீமையில் பிறந்தவர். உங்கள் பள்ளிக்கூடத்துத் தேசப்படத்தில் தேடாதீர்கள், அந்தப் பெயர் இப்போது இல்லை. அவருடைய அப்பா, தாத்தா எல்லாருமே பட்டாளத்துக்காரர்கள். இவரையும் பத்து வயதிலேயே ராணுவப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டார்கள். வளர்ந்து குதிரைப்படையில் அதிகாரியானார்.

டவுன் ஸ்டேஷன் பக்கம் வந்ததும் மலைக்கோட்டை தெரிந்தது. உச்சியில் பிள்ளையார் இருக்கிறார் என்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். துரை ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்து, எந்தப் பக்கம் பீரங்கி வைத்தால் அதைப் பிடிக்கலாம் என்று சொன்னார். உடனே வெட்கப்பட்டுச் சிரித்தார். பழைய புத்தி போகவில்லையாம்.

வரைபடம் போடுவதற்காக ராணுவம் அவரைத் துருக்கிக்கும் அப்பால் ஒரு பாலைவனத்துக்கு அனுப்பியிருக்கிறது. அங்கே ஒரு மண்மேட்டில் ஏறும்போது, குதிரையின் குளம்பு பட்டு ஒரு பானை ஓடு வெளியே வந்தது. அதைச் செய்தவனுடைய கட்டைவிரல் தடம் அதில் அப்படியே பதிந்திருந்தது. எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய விரல். தன் விரலை அதில் வைத்துப் பார்த்தாராம், பொருந்தியதாம். பட்டாளத்து ஆசை அன்றைக்கே விட்டுப்போயிற்று என்றார். முதல் யுத்தம் முடிந்ததும் வாளைக் கழற்றிவைத்துவிட்டு, மண்ணில் புதைந்த ஊர்களைத் தோண்டப் போய்விட்டார்.

வண்டி காவேரிப் பாலத்தில் ஏறியது. இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பெட்டியில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகக் காசு வீசினார்கள். எதற்கு என்று துரை கேட்டார். ஆற்றுக்கு மரியாதை என்றேன். "ஆயிரம் வருஷம் கழித்து என்னைப்போல ஒரு பைத்தியக்காரன் வந்து இதையெல்லாம் தோண்டி எடுப்பான்" என்று சிரித்தார். எதுவும் வீணாகப் போய்விடக் கூடாது அவருக்கு. எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்துப் பத்திரப்படுத்துகிற மனிதர்.

ஸ்ரீரங்கம் தாண்டிக் கொள்ளிடம் பாலத்தில் போகும்போது கோவிந்தனைப் பற்றிச் சொன்னார். லால்குடிக்காரர். முதல் யுத்தத்தில் வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு சமையல் ஆளாகப் போய், அந்தப் பக்கமே தங்கிவிட்டவர். துரையின் முகாமில் பல வருஷம் சமைத்தார். மற்ற நேரமெல்லாம் துரை வைத்ததுதான் சட்டம். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் கோவிந்தன்தான் தளபதி. பாலைவனத்தில் புளிக்கு எங்கே போவது? ஏதோ ஒரு புளிப்புக் காயைக் கண்டுபிடித்து ரசம் வைத்தாராம். வா, சாப்பிடு, போதும் என்று மூன்று தமிழ் வார்த்தை துரைக்குத் தெரிந்திருந்தது. கோவிந்தன் கற்றுக்கொடுத்ததுதான்.

கோவிந்தன் அங்கேயே காய்ச்சலில் போய்விட்டார். எரிக்க விறகு கிடையாது, புதைத்தார்கள். ஊருக்குத் திருப்பி அனுப்பிவைக்கிறேன் என்று துரை கொடுத்த வாக்கு நிறைவேறாமல் நின்றுவிட்டது.

எட்டு மணி சுமாருக்கு லால்குடியில் இறங்கி, வாய்க்கால் கரையோடு ஒரு மைல் நடந்தோம். கோவிந்தனின் தங்கை தனபாக்கியம் அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். அண்ணன் போன செய்தி எப்போதோ வந்து, காரியமெல்லாம் முடித்திருந்தார்கள். துரை வருவதாக முன்பே கடிதம் போட்டிருந்ததால், வயலுக்குப் போகாமல் எங்களுக்காக வாசலிலேயே காத்திருந்தார். "வாங்க, உள்ள வந்து உட்காருங்க" என்றார்.

துரை படியில் நின்றபடியே டப்பாவைத் திறந்து நீட்டினார். உள்ளே செம்மண் நிறத்தில் மண். கோவிந்தனைப் புதைத்த இடத்து மண்.

நான் அதைத் தமிழில் சொன்னதுதான் தாமதம், எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் விலகிப் போனார்கள். தனபாக்கியம் அம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். நமக்கெல்லாம் தெரியும், சுடுகாட்டுக்குப் போய் வந்தால் குளிக்காமல் வீட்டுக்குள் நுழைய மாட்டோம். அந்த மண்ணை வீட்டுக்குள் விடுவார்களா? துரைக்கு அது தெரியாது. என்ன ஆயிற்று என்று என்னைப் பார்த்தார். விஷயத்தைச் சொல்லி, இதை ஏன் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டேன். அவர் பிறந்த ஊர் இரண்டாம் யுத்தத்துக்குப் பிறகு வேறு தேசமாகிவிட்டதாம். அம்மாவின் கல்லறைக்குப் போக அவரால் முடியவில்லை. அங்கிருந்து ஒரு பிடி மண்ணை யாராவது கொண்டுவந்து கொடுத்தால் தலைமாட்டில் வைத்துக்கொள்வேனே என்றார். அதனால்தான் இதைக் கொண்டுவந்தாராம்.

நான் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல தனபாக்கியம் அம்மாள் அழுதுவிட்டார். "இத்தனை வருஷம் கழிச்சு அண்ணன் வாசல் வரைக்கும் வந்திருக்கு தம்பி. உள்ள வான்னு கூப்பிட முடியாம நிக்கிறேன் பாருங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அம்மா மண்டபம் போயிடுவோம். காவேரியில கரைச்சிடலாம்" என்றார்.

கரைப்பது என்றால் என்ன என்று நான் விளக்கியதும் துரையின் முகம் மாறிவிட்டது. டப்பாவை மூடிக்கொண்டார். கரைத்துவிட்டால் அப்புறம் எங்கே தேடுவது, கோவிந்தன் இருந்ததற்கு என்ன அடையாளம் என்று கேட்டார். அந்த அம்மாள் கோபப்படவில்லை. "அவர் கையில இருக்கறதை நான் பிடுங்க மாட்டேன். வரட்டும், பார்த்துட்டு முடிவு பண்ணட்டும்" என்றார்.

பதினோரு மணி வண்டியில் மூன்று பேரும் ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பினோம். ஸ்டேஷனிலிருந்து குதிரை வண்டி நாலணா.

அம்மா மண்டபத்துப் படித்துறையில் ஆடிக் கூட்டம். துரை கடைசிப் படியில் வெகுநேரம் நின்றார். பக்கத்தில் ஒரு குடும்பம் மொட்டைத் தலையோடு சாம்பல் கலயத்தைக் கவிழ்த்துவிட்டு, முழுகி எழுந்து, ஒருவர் கையை ஒருவர் பிடித்துப் படியேறியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஷூவைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கி, டப்பாவைச் சாய்த்தார். மண் செந்நிறமாக ஓடிப் பரவியது. அடியில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பிரஷ்ஷை எடுத்தார். பானை ஓடு துடைக்கிற பிரஷ்ஷாம். டப்பாவின் மூலையில் இருந்ததையும் ஒரு பொடி விடாமல் அதாலேயே தள்ளிவிட்டார்.

தனபாக்கியம் அம்மாள் அண்ணன் பேரைச் சொல்லி முழுகினார். எழுந்து என்னிடம், "அவங்க அம்மா பேரு என்னன்னு கேளுங்க தம்பி. அதைச் சொல்லி அவரையும் ஒரு முழுக்குப் போடச் சொல்லுங்க" என்றார்.

துரை அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்லி எத்தனை காலமாயிற்றோ. "ஹெட்விக்" என்று சொல்லி, கோட்டும் கால்சட்டையுமாக அப்படியே முழுகினார். கரையில் ஒருவர் சிரித்தார். எழுந்தவர் தலையிலிருந்து தண்ணீர் வழிய, அந்த அம்மாளைப் பார்த்துத் தமிழில் "போதும்" என்றார்.

அன்று சாயங்காலமே மெட்ராஸ் வண்டியில் ஏற்றிவிட்டேன். காலி டப்பா அப்போதும் மடியில் இருந்தது, ஆனால் ஒரு கைதான் அதன் மேல் இருந்தது. பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

நமக்கு முப்பது மைல் பஸ்ஸில் போனால் வையம்பட்டி. உங்கள் தாத்தாவும் ஆத்தாவும் அடங்கியிருக்கிற மண்ணை நினைத்த அன்றைக்குப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். துரைக்கு அப்படி ஒரு பஸ் இல்லை. அம்மா மண்டபத்தில் தாத்தாவுக்கு ஒன்று, ஆத்தாவுக்கு ஒன்று என்று முழுகிய பிறகு மூன்றாவது யாருக்கு என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்களே, அது துரையின் அம்மாவுக்குத்தான். பேர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை. எனக்கும் சரியாக நுழையவில்லை. தண்ணீருக்குள் இருந்து சொன்னால் போதும்.