எந்தச் சுலேகா

கோப்பாயில் ஒரு பிள்ளைக்குச் சுலேகா என்று பெயர் இருந்தால், கேட்பவர்கள் இரண்டாம் தரமும் கேட்கத்தான் செய்வார்கள். "டிவியிலை வந்த பேர்" என்பாள் தாய் பாலேஸ்வரி. அதோடு பெயரை விட்டுவிட்டு டிவியைப் பிடித்துக்கொள்வார்கள். சண்டையில் கரண்ட் போய் நாலு வருடமாகிவிட்ட ஊர். வெள்ளிக்கிழமைப் பாட்டு, ஞாயிற்றுக்கிழமைப் படம், செய்தி வாசித்தவளின் கொண்டை என்று நினைவுகளைச் சொல்லிச் சொல்லியே பொழுது போய்விடும்.

எண்பத்தெட்டில் அந்த ஒழுங்கையில் டிவி இருந்தது பாலேஸ்வரி வீட்டில் மட்டும்தான். கமுகை விட உயரமான இரும்புப் பைப்பில் அன்ரனாவைக் கட்டி, கொடைக்கானலில் இருந்து வரும் படத்தைப் பிடித்தார்கள். வாரம் ஒருமுறை வந்த இந்தித் தொடர் ஒன்றுக்கு அயல் முழுதும் வந்து பாயில் குந்திவிடும். இந்தி ஒருவருக்கும் தெரியாது. சந்தியில் துவக்கோடு நின்ற இந்தியச் சிப்பாய்களுக்குத் தெரியும். ஆனால் அவர்களிடம் போய், "நேற்று அந்தப் பொம்பிளை ஏன் அழுதவ?" என்று கேட்க யாருக்குத் துணிவு? ஆகவே கதையைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். கோப்பாய்ச் சனத்துக்கு அது ஒன்றும் கஷ்டமான வேலையில்லை.

தொடரில் இரண்டு பெண்கள். ஒருத்தி வெள்ளைச் சேலை உடுத்து எந்நேரமும் அழுவாள். மற்றவள் பட்டுச் சேலையில் வந்து எல்லோரையும் அதட்டுவாள். புள்ளியும் கோடுமாக ஆடுகிற படத்தில், யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பது தெளிவாகத் தெரியாது. அடிக்கடி காதில் விழுந்த பெயர் சுலேகா. அழுகிறவள்தான் சுலேகா என்று பாலேஸ்வரி முடிவு கட்டினாள். பாயில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள்.

அந்த வருடக் கடைசியில் பெண் பிள்ளை பிறந்தது. புருசன் சண்முகநாதன் பிள்ளையை ஏந்திக்கொண்டு, "சுலேகா எண்டு வைப்பம். உம்மைப் போலை இருக்கட்டும்" என்றார். வெள்ளைச் சேலைக்காரியின் பொறுமையைத் தன்னிடம் கண்டிருக்கிறார் என்று பாலேஸ்வரி பூரித்துப் போனாள். தொண்ணூறில் சந்தைக்குப் போன இடத்தில் ஷெல் விழுந்து அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த ஒரு சொல்தான் அவளுக்கு ஆறுதல்.

அதில் கை வைத்தவள் யோசப்பின். கடற்கரைக் குருநகரில் இருந்து இடம்பெயர்ந்து வந்து, பாலேஸ்வரி வீட்டுப் பக்கத்து அறையில் இருந்தவள். இருவரும் முற்றத்தில் வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக்கொண்டிருந்தபோது பழைய டிவிக் கதை வந்தது.

"உந்தத் தொடர் நாங்களும் பாத்தனாங்கள் அக்கா. கரையிலை படம் கண்ணாடி மாதிரித் தெரியும். ஆனா சுலேகா எண்டது அழுகிறவளில்லை. பட்டுச்சீலைக்காரி. கட்டின கையோடை புருசனைச் சகோதரங்களிட்டை இருந்து பிரிச்சுக் கொண்டு போனவள்."

"ஆர் உனக்குச் சொன்னது?"

"லியோன் அண்ணை. கப்பலிலை போய்ப் பம்பாயிலை கிடந்தவர். அவர்தான் பக்கத்திலை இருந்து எல்லாம் சொல்லுவார்."

பாலேஸ்வரி வெங்காயத்தைக் கீழே வைத்தாள். லியோனின் இந்தி தேத்தண்ணி கேட்கிற அளவுக்குத்தான் இருந்திருக்கும் என்று மனதுக்குள் திட்டிப் பார்த்தாள். திட்டு எடுபடவில்லை. கலியாணம் முடித்து ஆறு மாதத்தில், அண்ணன் தம்பியோடு ஒன்றாகத் தோட்டம் செய்தவரைப் பிரித்துத் தனியே செய்ய வைத்தவள் அவள்தான். அவருடைய ஆட்கள் இன்றைக்கும் அவளோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. அவரோ அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்படியானால் சொல்லாத அந்த வார்த்தையைப் பிள்ளையின் பெயரில் வைத்துவிட்டுப் போனாரா? "உம்மைப் போலை" என்றது எவளைப் போல?

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மத்தியானம் கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள். "சுலேகா" என்று கூப்பிட வாயெடுத்து, "பிள்ளை, இஞ்சை வா" என்றாள். அவர் பக்கத்துக் கதிரையில் இருந்து அந்தத் தொடரைப் பார்த்தது இன்னும் கண்ணுக்குள் நின்றது. பட்டுச்சேலைக்காரி வரும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அது அவளுக்குப் பயமாக இருந்தது.

பின்னேரம் வேலியைத் தாண்டி ஏரம்பு வீட்டுக்குப் போனாள். சண்முகநாதனின் கூட்டாளி, அன்ரனா பைப்பைச் சேர்ந்து நட்டவர். மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டு நின்றார்.

"ஏரம்பண்ணை, அந்த இந்தித் தொடரிலை சுலேகா எண்டது ஆர்?"

"என்னைக் கேட்டால் எனக்கென்ன தெரியும் தங்கச்சி? நானும் அவனும் எங்கை படம் பாத்தது?"

"அவர் எனக்குப் பக்கத்திலை கதிரையிலைதானே இருந்தவர்?"

ஏரம்பு நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "கதிரையிலையோ? காத்துக்குப் பைப் திரும்பிவிடும். கையை விட்டால் உள்ளுக்கு உங்களுக்குப் படம் போயிடும். தொடர் முடியுமட்டும் அவன் பனிக்குள்ளை அதைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவன். நீங்கள் யன்னலாலை 'தெரியுது, தெரியுது' எண்டு கத்துவியள். நான் துணைக்கு நிண்டு சுருட்டுப் பத்துவன்."

"அப்ப அந்தப் பேர்?"

"சத்தம் மட்டும் வெளியிலை கேக்கும்தானே. உள்ளுக்கை சுலேகா எண்டு ஆரும் கூப்பிட்டால் போதும், நீர் 'ஐயோ என்ரை சுலேகா' எண்டு அழத் தொடங்கிவிடுவீர். முகம் தெரியாத ஒருத்திக்கு என்ரை ஆள் எவ்வளவு இரங்குறா பார் எண்டு பைப்பைப் பிடிச்சபடி சொல்லுவான். பெட்டை பிறந்தால் அந்தப் பேர்தான் எண்டு அப்பவே சொல்லிப்போட்டான்."

பாலேஸ்வரி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வந்த பாரம் இறங்கிவிட்டது. அந்தச் சந்தோசத்தில் அவளுக்குக் கண் நிறைந்தது. ஆனால் இறங்கிய இடத்தில் இன்னொன்று வந்து ஏறிக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் யோசப்பின் கேட்டாள்: "என்னவாம் அக்கா, எந்தச் சுலேகாவாம்?"

"அவருக்கே தெரியாதாம்" என்றாள் பாலேஸ்வரி.

உள்ளே துணி போர்த்திய டிவிக்கு முன்னால் அந்தக் கதிரை இருந்தது. ஆறு வருடமாக அவள் நினைவில் அவர் அதில்தான் இருந்தார். அவரை இப்போது எழுப்பி வெளியே பனிக்குள் நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. யன்னலைத் திறந்தாள். பைப் நின்ற இடத்தில் மகள் மண் கிண்டி விளையாடிக்கொண்டிருந்தாள்.

"சுலேகா, பனி விழுது, உள்ளுக்கை வா" என்று கூப்பிட்டாள்.