கருவாட்டின் மேல் பழி போட்டேன்

என் புருஷனுக்கு எங்கே அறுத்தார்கள் என்று தெரியாவிட்டால் உங்களுக்குச் சோறு இறங்காதோ? சரி, கேளுங்கள்.

சுனாமிக்கு அடுத்த வருடம், மரக்காணத்தில் எங்கள் வீட்டில் ஒரே நாற்றம். கருவாடு கெட்டுவிட்டது என்று பானையோடு கொண்டுபோய்க் கொட்டினேன். உப்பளத்தில் வேலை செய்யும் என் புருஷன் அதைப் பார்த்துவிட்டு, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். மறுநாள் அவர் வேட்டியில் புழு நெளிந்தது. ஆணுறுப்பில் புண். ஆறு மாதமாக மறைத்திருக்கிறார்.

"உப்புத்தண்ணி ஊத்துனா ஆறிடும்னு நெனச்சேன்டி."

"யோவ், பேரன் எடுத்த பொறவு எங்கிட்ட என்னய்யா வெக்கம்?"

ஆஸ்பத்திரியில் புழுக்களை எடுத்தார்கள். பிறகு புற்றுநோய் என்று உறுப்பையே அறுத்துவிட்டார்கள்.

"முன்னாடியே வந்திருந்தா இவ்ளோ வெட்டியிருக்க வேணாம்மா" என்றார் டாக்டர். உயிர் பிழைத்தார், என் ஆத்திரம்தான் இன்னும் தீரவில்லை.

இப்போது நான் எதையும் மறைப்பதில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் குசுகுசுத்தபோது சொன்னேன்: "ஆமாண்டி, அறுத்துட்டாங்க. ஆளு இருக்காரு. உங்க ஊட்டுக்காரனுங்களை இன்னிக்கே டார்ச் அடிச்சுப் பாருங்க. எவனாவது வெக்கப்பட்டா என்னைக் கூப்புடுங்க, நான் வந்து பாக்குறேன்!"