என் ழகரத்தின் வால்

மன்னார்குடிக் கடைத்தெருவில் பாதி போர்டு என் கை. அரிசி மில், ஜவுளிக்கடை, கல்லூரி வளைவு, பஸ் நெற்றியில் ஊர்ப்பெயர், எல்லாம் நான் எழுதியவை. படிப்பு ஐந்தாவதோடு சரி. முதல் பிரஷ், நானே நசுக்கிச் செய்த பனைமட்டை. அதை வைத்து மாடிவீடு கட்டியவன் இந்தத் தாலுக்காவில் வேறு யாராவது இருந்தால் காட்டுங்கள்.

எழுத்துக்கும் உடம்பு உண்டு. கால் ஊன்ற வேண்டும், கொம்பு நிமிர வேண்டும், சுழி உருண்டு நிற்க வேண்டும். என் கெத்தெல்லாம் ழகரத்தின் வாலில். மற்றவர்கள் அதை நனைந்த பூனையின் வால்போல ஒடுக்கிவிடுவார்கள். நான் வரிக்குக் கீழே வீசி இறக்கி, நுனியைக் கருக்கரிவாள் மாதிரி வளைப்பேன்.

கழக ஆட்சி வந்த புதிது. நிலத்துக்கும் கூலிக்கும் ஊருக்கு ஊர் சண்டை. எங்கள் மிராசுதார் தன் நெற்களத்து வாசலுக்கு ‘உத்தரவின்றி நுழையாதே’ என்று போர்டு கேட்டார், எழுதினேன். அதே வாரம் விவசாயத் தொழிலாளர்கள் கேட்டார்கள். அந்தக் களத்து மதிலிலேயே ‘உழுபவனுக்கே நிலம்’ என்று ஆளுயரத்துக்கு எழுதினேன்.

விடிந்ததும் இன்ஸ்பெக்டர் வந்தார். ஊர் கூடிவிட்டது. ஓவியர் என்று பெயரெடுத்த டிராயிங் மாஸ்டரைத்தான் முதலில் பிடித்தார்.

“சார், உங்க கைவேலையா?”

“ஐயையோ, எனக்கு எழுத்தே வராதுங்க! பூ, கிளி, அவ்வளவுதாங்க!”

மிராசுதார் போர்டையும் மதிலையும் மாறி மாறிப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார்.

“ரெண்டு ழானாவுக்கும் ஒரே வால். ஏன்டா, என் போர்டுல பழகிட்டு என் சுவத்துலயே கை வச்சியா?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வாலை இன்னொருவனுக்குத் தாரைவார்க்க மனசு வரவில்லை.

“நம்ம கைதாங்க. போர்டைவிட மதில்லதான் வால் நல்லா விழுந்திருக்கு, பாருங்க.”

இன்ஸ்பெக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் ஜீப்பில் ஏற்றினார். ஸ்டேஷனில் லத்தியால் என் முதுகில் எழுதினார்கள். ஒரு கோடுகூட நேராக இல்லை.

இப்போது அந்த மதில் நினைவுச்சின்னம். கம்பி வேலி, விளக்கு, திறப்பு விழா. விழா மலரைப் புரட்டினால், ‘உயிரைத் துச்சமென மதித்து இதை எழுதியவர்’ டிராயிங் மாஸ்டராம்! எழுத்தே வராதவருக்குப் பொன்னாடை. கிளி வரைந்ததற்குப் போர்த்தியிருந்தால் நானும் கை தட்டியிருப்பேன்.

விழாக் குழுவினரே, அன்று ஊர் முன்னால் அவர் சொன்னதை நம்புங்கள், போதும். கல்வெட்டில் அவர் பெயரை அழித்து என் பெயரைப் போடுங்கள். எழுத ஆள் தேட வேண்டாம்; நானே வருகிறேன். யாராவது ஏணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாஸ்டர் பிடித்தாலும் சரி.